பயிற்சியாளராகத் தோற்றவர், செயலாளராக வென்றவர்

சிட்னியில் 17 வயது மகனுக்கு ரக்பி லீக்கைத் தவிர வேறெதிலும் மனம் ஒட்டவில்லை, ஆட்டம் முடிந்த பிறகு சோற்றுக்கு என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள். கவலை நியாயமானதுதான். ரக்பி லீக்கின் தலைமைப் போட்டியான என்.ஆர்.எல்.-இல் 2025-ல் 17 அணிகள். ஒவ்வோர் அணியின் முதன்மைப் பட்டியலிலும் 30 பேர். மொத்தமே 510 இடம்.

கென் ஆர்தர்சனை எடுத்துக்கொள்ளுங்கள். 1950களின் தொடக்கத்தில் சிட்னியின் மேன்லி கிளப்புக்கு ஆடியவர், 1957-ல் அதே கிளப்பின் பயிற்சியாளர். அந்த ஆண்டே இறுதி ஆட்டத்தில் செயின்ட் ஜார்ஜிடம் 31-9 என்று தோல்வி. 1959-ல் மறுபடியும் அதே அணியிடம், 20-0. நம் வீடுகளில் என்றால் "இவனுக்கு இது சரிப்படாது" என்று முடித்திருப்போம். ஆனால் 1963-ல் அவர் கிளப்பின் செயலாளரானார்; நிர்வாகம் அவர் கைக்கு வந்தது. உலாங்காங்கிலிருந்து பாப் ஃபுல்டன், இங்கிலாந்திலிருந்து மால் ரெய்லி, பணமுடையில் இருந்த சவுத் சிட்னியிலிருந்து ஜான் ஓ'நீல், ரே பிரானிகன் என்று ஆட்டக்காரர்களைச் சேர்த்தார். 1972, 73, 76, 78: நான்கு கோப்பைகள். யார் தேறுவான் என்று கண்டுகொள்ள ஆடிய அனுபவம் வேண்டும். அவனை எப்போது, என்ன விலைக்கு வாங்கலாம் என்பதற்குக் கணக்கு தெரிய வேண்டும்.

மகன் ஆடட்டும். இளையோர் போட்டிகள் படிப்படியாக உண்டு: 17 வயதுக்கு உட்பட்டோருக்கு ஹரால்ட் மேத்யூஸ், 19-க்கு எஸ்.ஜி. பால், 21-க்கு ஜெர்சி ஃப்ளெக். ஒவ்வொரு படியிலும் பலர் கழிந்துபோவார்கள். தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி ஏற்பட்டால், அவன் வயதுக்குக் குறைந்தது 21 நாள் போட்டி கிடையாது. மோதல் பயிற்சிக்குத் திரும்பும் முன் 14 நாள் எந்த அறிகுறியும் இருக்கக் கூடாது. "எனக்கு ஒன்றுமில்லை" என்று அவன் சொல்வதை நம்பாதீர்கள்.

18 முடிந்ததும் சிறுவர்களோடு பணிபுரிவதற்கான அனுமதி வாங்கச் சொல்லுங்கள். நியூ சவுத் வேல்ஸில் தன்னார்வலர்களுக்கு இலவசம், ஐந்தாண்டு செல்லும். பிறகு சின்னப் பிள்ளைகள் அணியில் உதவிப் பயிற்சியாளராக நிற்கட்டும். நன்றாக ஆடுகிறவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள்: தன் கைக்குத் தானாக வந்ததை ஏழு வயதுப் பிள்ளைக்குப் பிரித்துச் சொல்ல வராது, தான் ஆடிய இடத்தை மட்டும் கற்றுக்கொடுப்பார்கள்.

படிப்பில் வணிகவியலோ சட்டமோ, பகுதி நேரமாக இருந்தாலும் சரி. ஆர்தர்சன் பின்னாளில் ஆஸ்திரேலிய ரக்பி லீக்கின் தலைவரானார். ரூபர்ட் மர்டோக்கின் நிறுவனம் சூப்பர் லீக் என்ற போட்டி லீக்கைத் தொடங்கப் போய் 1995-ல் வெடித்த சண்டை தொலைக்காட்சி உரிமைக்காக. வழக்குகள் ஆட்டக்காரர், கிளப் ஒப்பந்தங்களைப் பற்றியவை. 1997-ல் லீக் இரண்டாகப் பிரிந்து நடந்தது. அந்த ஆண்டே அவர் பதவி விலகினார். பந்து பிடிக்கும் திறமையால் அந்தச் சண்டையில் ஒரு பயனும் இல்லை.

இந்தப் பருவத்திலேயே உள்ளூர்க் கிளப்பின் பொருளாளரிடம் போய், பதிவுக் கட்டணக் கணக்கை எழுத உதவட்டுமா என்று அவன் கேட்கலாம். அந்த வேலைக்கு ஆள் கிடைக்காமல் எல்லாக் கிளப்பும் திண்டாடுகின்றன.