மணலையும் சுவரையும் பார்க்கவா அவ்வளவு தூரம்?

அன்புள்ள ஐயா,

டிசம்பரில் நானும் மனைவியும் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறோம். வொயிட் சாண்ட்ஸ் பாலைவனம், சாக்கோ பள்ளத்தாக்கு, போஸ்கே டெல் அப்பாச்சே பறவைகள் சரணாலயம் என்று காரில் ஒரு சுற்றுக்கு ஏற்பாடு செய்திருக்கிறான். “மணலுக்குத் தேவனாம்பட்டினம், இடிபாட்டுக்கு அரிக்கமேடு, பறவைக்குக் கழுவெளி இருக்கிறதே, இதற்கா அவ்வளவு தூரம்?” என்கிறார் மனைவி. என்ன சொல்வது?

வாசகர், கடலூர் முதுநகர்

அன்புள்ள நண்பருக்கு,

அம்மா கேட்டது நியாயமான கேள்வி. அரிக்கமேட்டை எட்டிப் பார்க்காமலே வெளிநாட்டு இடிபாடுகளைத் தேடிப் போகிறவர்கள்தான் நம்மில் அதிகம். ஆனால் வறண்ட நாட்டில் தண்ணீர் என்னென்ன செய்யும் என்பதை நம் ஊரில் பார்க்க முடியாது. அந்த மூன்று இடங்களும் அதைத்தான் காட்டுகின்றன.

வொயிட் சாண்ட்ஸ் மணல் ஜிப்சம், நீரில் கரையும் ஒரு வெண்கனிமம். மலையில் பெய்யும் மழையும் பனியும் அதைக் கரைத்துக்கொண்டு துலரோசா பள்ளத்தில் இறங்குகின்றன. அங்கிருந்து கடலுக்குப் போக வழி கிடையாது. நீர் வற்றியபின் மிஞ்சும் படிகங்களைக் காற்று பொடியாக்கி, சுமார் 700 சதுர கிலோமீட்டருக்கு வெள்ளை மேடுகளாகக் குவித்திருக்கிறது. சித்திரை வெயிலில் தேவனாம்பட்டினம் மணலில் கால் வைக்க முடியாது; அங்கே கோடை நண்பகலிலும் வெறுங்காலுடன் நடக்கலாம். பக்கத்தில் ஏவுகணைச் சோதனை நடக்கும் நாளில் சாலையை மூடிவிடுவார்கள். முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அரிக்கமேட்டில் ஆறு இருந்தது, ரோமானிய மதுச்சாடிகள் வந்து இறங்கின. அமெரிக்கப் பழங்குடிகளின் பழைய ஊரான சாக்கோவுக்கு வற்றாத ஆறு வாய்க்கவில்லை. பாறை விளிம்பிலிருந்து வழிந்த மழைநீரை வாய்க்கால் வெட்டித் திருப்பிப் பயிர் செய்தார்கள். சக்கரமோ பாரம் இழுக்கும் மாடோ இல்லாமல், 75 கிலோமீட்டர் தொலைவிலிருந்த மலைகளிலிருந்து மரம் சுமந்து வந்தார்கள். பியூப்லோ போனிட்டோ என்ற ஒரே கட்டடத்தில் 600 அறைகளுக்கு மேல்! சுவரருகே போய் நின்று பாருங்கள்: மெல்லிய மணற்கல் பலகைகள், இடுக்குகளில் நகமளவு கல்சில்லுகள். தொட வேண்டாம். 9ஆம் நூற்றாண்டில் தொடங்கிய கட்டுமானம், 12ஆம் நூற்றாண்டின் நீண்ட வறட்சியில் ஓய்ந்தது. கட்டியவர்கள் அழிந்துவிடவில்லை, இடம் பெயர்ந்தார்கள். ஹோப்பி, ஜூனி, அகோமா மக்கள் அவர்களின் வழித்தோன்றல்கள். அவர்களுக்கு அது இன்றும் முன்னோர் ஊர். கோயிலுக்குள் போகும் அடக்கத்தோடு போங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது போஸ்கே. 1939இல் அமைந்த சரணாலயம். ரியோ கிராண்டே ஆற்றுநீரை வாய்க்காலில் கொண்டுவந்து, மதகு திறந்து, பறவைகள் வரும் பருவத்தில் வயல்களில் ஆழமில்லாமல் தேக்குகிறார்கள். வீராணத்து மதகைப் பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாண்ட்ஹில் கொக்குகள் இரவில் அந்த நீரில் நின்றபடியே உறங்கும். கொயோட்டி என்ற ஓநாய் இன விலங்கு தண்ணீரில் இறங்கினால் சலசலப்பு காட்டிக்கொடுத்துவிடும். விடியும் முன்பே குளக்கரைக்குப் போய்விடுங்கள். ஆயிரக்கணக்கான வெண்ணிறப் பனிவாத்துகள் ஒன்றாக எழும்பும்போது அந்த இரைச்சல் நெஞ்சில் அதிரும். வெயில் ஏறியபின் போனால் குளம்தான் இருக்கும். ஆகவே முந்தின இரவே பக்கத்து ஊரான சொக்கோரோவில் தங்க ஏற்பாடு செய்யும்படி மகனிடம் சொல்லுங்கள்.

சாக்கோவின் கடைசிப் பகுதி மண் சாலை. உள்ளே பெட்ரோலும் சாப்பாடும் கிடைக்காது. மழையோ பனியோ பெய்து பாதை சேறானால் பிடிவாதம் பிடிக்காமல், அந்த நாளையும் போஸ்கேயிலேயே கழித்துவிடுங்கள்.

அன்புடன்.