அவரை ஊருக்கு அனுப்பாதீர்கள்

கேள்வி: நான் அமெரிக்கக் குடிமகள், நியூ ஜெர்சியில் நர்ஸ் வேலை. நான் கட்டிக்கொள்ளப் போகிறவர் 2018-ல் சுற்றுலா விசாவில் வந்தார். ஆறு மாதம் முடிந்தும் திரும்பிப் போகவில்லை. ஓர் ஏஜென்ட், "இங்கிருந்து விண்ணப்பித்தால் பிடித்துவிடுவார்கள். ஊருக்குப் போகட்டும், கே-1 என்ற, கட்டிக்கொள்ளப் போகிறவருக்கான விசாவில் மூன்றே மாதத்தில் கொண்டுவந்துவிடலாம்" என்று 12,000 டாலர் கேட்கிறார். அவருடைய பாஸ்போர்ட்டும் அந்த ஏஜென்டிடம்தான் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: முதல் வேலையாக அந்தப் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்குங்கள். டிக்கெட் போட்டிருந்தால் இன்றே ரத்து செய்யுங்கள்.

காரணம் 1996-ல் வந்த ஒரு சட்டம். அனுமதித்த தேதி தாண்டி 180 நாளுக்கு மேல் தங்கிவிட்டு வெளியே போனால் மூன்று ஆண்டு திரும்ப வர முடியாது. ஒரு வருடமோ அதற்கு மேலோ தங்கியிருந்தால் பத்து ஆண்டு. உங்களவர் தங்கியதோ பல வருடம். இங்கே இருக்கும்வரை அந்தத் தடை அவர்மேல் விழாது, வெளியே போனதும் விழும். "தப்புதான், கிளம்புகிறேன்" என்று ஒழுங்காகப் போகிறவரைத்தான் இந்தச் சட்டம் வெளியே நிறுத்துகிறது. கிறுக்குத்தனம் என்று எல்லோருக்கும் தெரியும், மாற்றத்தான் ஆள் இல்லை. மும்பைத் தூதரகத்தில் நேர்காணலுக்குப் போய் நிற்கும்போது இது உங்களுக்குப் புரியும். அதற்குள் ஏஜென்ட் போனை எடுக்க மாட்டார்.

நீங்கள் குடிமகள் என்பதால் வழி இங்கேயே இருக்கிறது. விசாவோடு, அதிகாரியைப் பார்த்து, முறையாக உள்ளே வந்தவர் குடிமகளின் கணவரானால், காலம் தாண்டித் தங்கியதையும் அனுமதியில்லாமல் வேலை பார்த்ததையும் தடையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உங்கள் கையில் வெறும் கிரீன் கார்டு இருந்திருந்தால் இந்தச் சலுகை கிடையாது. அப்படிப்பட்டவர்கள் குடியுரிமை வாங்கிவிட்டு வருவது நல்லது.

முதலில் கல்யாணத்தைப் பதிவு செய்யுங்கள். கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது. நகராட்சியில் லைசென்ஸ் வாங்க வேண்டும், நியூ ஜெர்சியில் அதற்கு 72 மணி நேரம் காத்திருக்க வேண்டும். அப்புறம் ஐ-130 (கணவருக்காக நீங்கள் போடும் மனு), ஐ-485 (கிரீன் கார்டு கேட்டு அவர் இங்கிருந்தே போடும் விண்ணப்பம்) இரண்டையும் சேர்த்தே போடலாம். 2024 ஏப்ரலில் மாற்றிய கட்டணப்படி காகிதத்தில் போட்டால் முதலாவதற்கு 675, இரண்டாவதற்கு 1,440 டாலர். வேலை அனுமதிக்கு இன்னொரு 260. மருத்துவப் பரிசோதனைக்கும் வக்கீலுக்கும் தனி. 12,000 எங்கே போகிறது என்று நீங்களே கணக்குப் போடுங்கள். உங்களவர் முறையாக வந்ததற்கு ஆதாரம் ஐ-94 என்ற நுழைவுப் பதிவும் பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரையும்தான். பாஸ்போர்ட்டை முதலில் வாங்கச் சொன்னது அதனால்தான்.

ஏஜென்டுகளைப் பற்றிச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. வரி ஃபார்ம் நிரப்புகிறவர், பயண டிக்கெட் போடுகிறவர், நோட்டரி முத்திரை வைத்திருக்கிறவர் என்று ஆளாளுக்குக் குடியேற்ற நிபுணராகிவிட்டார்கள். இந்த நாட்டில் குடியேற்ற ஆலோசனை சொல்ல வக்கீலாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அமெரிக்க அரசின் நீதித்துறை அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியாக இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் "தயாரித்தவர்" கையெழுத்துக்கென்று ஓர் இடம் இருக்கிறது. "அங்கே நான் போட மாட்டேன், நீங்களே நிரப்பியதாக இருக்கட்டும்" என்று ஒருவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். "அடைக்கலம் கேட்டுப் போட்டால் சீக்கிரம் வேலை அனுமதி வரும்" என்று கதை எழுதித் தருகிறவர்கள் இன்னும் மோசம். பொய் என்று தெரிந்தே போட்ட அடைக்கல மனு என்று தீர்ப்பானால் உங்களவருக்கு எந்தக் குடியேற்றப் பலனும் நிரந்தரமாகக் கிடையாது. உங்களைக் கட்டிக்கொண்டாலும் கிடையாது. உங்களவர் பெயரில் ஏஜென்ட் ஏற்கெனவே ஏதாவது அனுப்பியிருக்கிறாரா என்று கேட்டு, நகல் வாங்குங்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் மாட்டுவது அதில். சுற்றுலா விசா என்கிறீர்கள். பாஸ்போர்ட்டில் நீங்களே பார்த்தீர்களா? தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து கப்பல் வேலைக்குப் போகிறவர்கள் நிறைய. கப்பல் ஊழியராக வந்து, துறைமுகத்தில் இறங்கி, அப்படியே தங்கிவிட்டவருக்கு மேலே சொன்ன வழி அடைபட்டுவிடும். குடிமகளைக் கட்டினாலும், பிள்ளை பெற்றாலும் பொதுவாக ஐ-485 போட முடியாது. அவர் எந்த வகையில் அனுமதிக்கப்பட்டார் என்பது ஐ-94-ல் இருக்கும். அங்கே 'டி' (ஊழியர் வகை) என்று இருந்தால் ஐ-130 மட்டும் போட்டு, அது தேறியதும், இங்கிருந்தபடியே ஐ-601ஏ என்ற, அந்தப் பத்து ஆண்டுத் தடையிலிருந்து விலக்குக் கேட்கும் மனு போட வேண்டும். அவர் இல்லாவிட்டால் உங்களுக்குக் கடும் துன்பம் என்று காகிதத்தால் நிரூபிக்க வேண்டும்: மருத்துவப் பதிவு, கடன், பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு. பிரிவுத் துயரம் மட்டும் எடுபடாது. விலக்கு கைக்கு வந்த பிறகுதான் மும்பைக்குக் கிளம்ப வேண்டும். வருடக்கணக்கில் இழுக்கும்.

"பிடித்துவிடுவார்கள்" என்று ஏஜென்ட் சொன்னதில் பாதி உண்மை. மனு நிலுவையில் இருப்பது கைதிலிருந்து காப்பாற்றாது. 2025 நவம்பரில் சான் டியாகோவில் நேர்காணலுக்கு வந்தவர்களையே, விசா தாண்டித் தங்கியதைக் காட்டிப் பிடித்தார்கள். ஒரு கை கூப்பிட்டு உட்காரவைக்கிறது, இன்னொரு கை விலங்கு மாட்டுகிறது. இதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. பழைய நீதிமன்ற உத்தரவோ கைதோ அவருக்கு இருந்தால் விண்ணப்பமே போடாமல் முதலில் வக்கீலைப் பாருங்கள். இல்லையென்றாலும் நேர்காணலுக்கு வக்கீல் கூட வரட்டும். வக்கீலின் எண் உங்கள் போனில் மட்டுமல்லாமல் அவருக்கு மனப்பாடமாகவும் இருக்கட்டும்.