சிங்கப்பூரில் வீடு விற்க இனம் பார்ப்பது ஏன்?

'எல்லா இனமும் சமம் என்கிற நாட்டில் வீடு வாங்குபவரின் இனத்தை ஏன் பார்க்கிறார்கள்?' என்று கேட்டிருக்கிறீர்கள். சிங்கப்பூர் 1964 இனக் கலவரங்களை இன்னும் மறக்கவில்லை. மக்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் வீவக எனப்படும் அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளில்தான் குடியிருக்கிறார்கள். சில பேட்டைகளில் ஒரே இனம் குவிய ஆரம்பித்ததும், 1989-இல் ஒவ்வொரு புளோக்கிலும், அதாவது அடுக்குமாடிக் கட்டடத்திலும், எந்த இனத்தார் எவ்வளவு இருக்கலாம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். இப்போது ஒரு புளோக்கில் அதிகபட்சமாகச் சீனர் 87 விழுக்காடு, மலாய்க்காரர் 25, இந்தியரும் மற்றவர்களும் சேர்த்து 15 வரை இருக்கலாம்.

சிக்கல் வருவது மறுவிற்பனையில். சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் தமிழர் ஒருவர் தன் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. பக்கத்து வீட்டுச் சீனரோ இன்னொரு சீனருக்குத் தாராளமாக விற்கலாம், எண்ணிக்கை மாறாதே! வாங்க ஆள் குறைவதால் தமிழர் விலையைக் குறைக்க வேண்டியதாகிறது. இந்தப் புகார் வலுத்த பிறகு, 2022-இல், விற்க முடியாமல் உண்மையிலேயே திண்டாடுபவர்களின் வீட்டை வீவகவே வாங்கிக்கொள்ள முன்வந்தது.

என்னைக் கேட்டால் கொள்கை தேவைதான். சுமைதான் சிறுபான்மையினர் தலையில் கூடுதலாக விழுகிறது. அதோடு, ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்குவதால் மட்டும் மனம் மாறிவிடாது. வாடகை அறை விளம்பரங்களில் 'இந்தியர் வேண்டாம்' என்று எழுதுபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அதற்கு எந்த உச்சவரம்பும் உதவாது.