குளிரில் பொங்காத மாவும் கம்பளி கட்டிய சட்டியும்: வாசகர் கேள்வி பதில்

போன மாதம் பாண் (பிரெட்) சுடுவது பற்றி ஓர் அம்மாவுக்கு இந்தப் பக்கத்தில் நாலு வரியில் பதில் சொல்லியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்து மலைத்துப்போனேன், நம் மலையகத்தில் இத்தனை வீடுகளில் மா பிசைந்து மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்களா என்று. அதனால் இந்த முறை முழுப் பக்கமும் பாணுக்கும் ரொட்டிக்கும்தான்.

அக்கா, யூடியூப்பில் பார்த்து நாலு தடவை பாண் சுட்டுவிட்டேன். ஒரு மணி நேரத்தில் மா இரண்டு மடங்காகும் என்கிறார்கள், என் மா வைத்த இடத்தில் வைத்தபடியே கிடக்கிறது. ஈஸ்ட்டைக்கூட இரண்டு முறை மாற்றிப் பார்த்தேன். சுட்டால் கல் மாதிரி வருகிறது. என்ன தப்பு செய்கிறேன்? (நுவரெலியா வாசகி)

தங்கச்சி, நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. ஒரு மணி நேரம் என்று சொன்னவர் சென்னையிலோ கொழும்பிலோ இருந்துகொண்டு சொல்லியிருப்பார், அங்கே குசினிக்குள் 30 பாகை வெயில் அடிக்கும். நீங்கள் இருப்பதோ வருடச் சராசரியே 16 பாகைக்குப் பக்கத்தில் நிற்கிற ஊர், தை மாசியில் விடிந்து பார்த்தால் புல் மேல் உறைபனி கிடக்கும். ஈஸ்ட் ஓர் உயிர். 25, 30 பாகைச் சூட்டில் துள்ளி வேலை செய்யும், 15க்கு இறங்கினால் சுருண்டு படுத்துவிடும். அங்கே ஒரு மணி நேரத்தில் பொங்குகிற அதே மா உங்கள் வீட்டில் மூன்று மணி நேரம், நாலு மணி நேரம்கூட எடுக்கும். நீங்கள் ஒரு மணி நேரத்தில் பொறுமை இழந்து ஓவனில் தள்ளியிருப்பீர்கள், அதுதான் கல்லாகிவிட்டது.

அளவை எழுதிக்கொள்ளுங்கள். கோதுமை மா 500 கிராம், உப்பு 10 கிராம், சீனி இரண்டு தேக்கரண்டி, மாஜரின் ஒரு மேசைக்கரண்டி, உலர்ந்த ஈஸ்ட் ஒன்றரைத் தேக்கரண்டி, தண்ணீர் 300 மில்லிலீற்றர். தண்ணீரைக் கை பொறுக்கிற இளஞ்சூட்டில் எடுங்கள். கொதிதண்ணீரில் மட்டும் போட்டுவிடாதீர்கள், 60 பாகைக்குள்ளேயே ஈஸ்ட் செத்துவிடும், அப்புறம் எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் ஒன்றும் நடக்காது. பத்து நிமிடமாவது நன்றாகப் பிசையுங்கள். ஒரு துண்டு மாவை எடுத்து விரலால் மெல்ல இழுத்துப் பார்த்தால் அறுந்துபோகாமல் மெல்லிய தோலாக விரிய வேண்டும், அந்தத் தோலுக்கு அந்தப் பக்கம் விரல் நிழலாகத் தெரியும்.

இனி சூடு. என் அப்பா பேக்கரிப் போறணையில், அதாவது பாண் சுடுகிற பெரிய அடுப்பில், வேலை செய்தவர், வீட்டில் எப்போதாவது பனிஸ் செய்வதென்றால் அம்மாயி மலைக்குப் போட்டுப்போகிற பழைய கம்பளியைக் கேட்டு வாங்குவார். மாச் சட்டியை அந்தக் கம்பளியால் சுற்றிக் கட்டி, சோறு வடித்து முடித்த அடுப்புத் திட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, யாரும் கிட்டே போகக்கூடாது என்று எங்களை இஸ்தோப்புக்கு (வீட்டு முன் திண்ணைக்கு) விரட்டிவிடுவார். நாங்கள் என்ன கேட்போமா, ஒருவர் மாறி ஒருவர் போய்க் கம்பளியைத் தூக்கிப் பார்த்துக் குளிரை உள்ளே விட்டுவிட்டு வருவோம். உங்களிடம் காஸ் அடுப்பு மட்டும்தான் என்றால் பெரிய சட்டியில் சுடுதண்ணீர் ஊற்றி, அதற்குள் மாப் பாத்திரத்தை வைத்து மூடி, மேலே போர்வை போடுங்கள். மணிக்கூட்டைப் பார்க்க வேண்டாம், மாவைப் பாருங்கள். விரலால் ஒரு குழி அழுத்துங்கள். குழி உடனே மேலே எழும்பினால் இன்னும் நேரம் இருக்கிறது. மெதுவாக, பாதி மட்டும் எழும்பினால் சுடலாம். குழி அப்படியே நின்றுவிட்டால் நேரம் கடந்துவிட்டது.

உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். உங்கள் ஊர் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். குளிரால் மா பொங்கத் தாமதமாகுமே தவிர, பொங்கத் தொடங்கிவிட்டால் உள்ளே உண்டாகிற வாயு சுலபமாக விரியும். அசந்தால் மிஞ்சிப்போய் ஓவனுக்குள் அமுங்கிவிடும். உங்கள் ஊரில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும் என்பதால் பாணின் ஈரமும் சீக்கிரம் பறக்கும். அதனால் மா கொஞ்சம் இளக்கமாகவே இருக்கட்டும், ஓவனை 220 பாகைக்கு முன்கூட்டியே சூடாக்கி இரண்டு சின்ன அச்சில் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடச் சுடுங்கள். அடிப்பக்கத்தைத் தட்டினால் வெற்றுப் பெட்டி மாதிரி ஓசை வர வேண்டும்.

எங்கள் லயத்து வீட்டில் ஓவன் இல்லை, விறகடுப்புதான். அதில் பாண் சுட முடியுமா? (மஸ்கெலியா வாசகி)

தாராளமாகச் சுடலாம். கனமான இரும்புச் சட்டி ஒன்று வேண்டும், அலுமினியம் வேண்டாம், வெறுஞ்சூட்டில் கெட்டுப்போகும். சட்டியின் அடியில் ஓர் அங்குலத்துக்குச் சுத்தமான மணல் பரப்பி, கால் மணி நேரம் வெறுமனே சூடாக்குங்கள். பொங்கிய மாவைத் தகர அச்சோடு மணல் மேல் வைத்து, தட்டையான தகர மூடியால் மூடி, மூடி மேல் தணலை அள்ளிப் போடுங்கள். கீழே கொஞ்சம் தணல், மேலே அதிகத் தணல், இந்த ஒரு கணக்குதான். அப்பச்சட்டிக்கு மேலும் கீழும் நெருப்பு வைத்து அந்தக் காலத்தில் அப்பம் சுட்ட முறையும் இதுவே. தேயிலைச் செடியில் வெட்டிவிட்ட குச்சியான மிலாறை நம்பி இறங்காதீர்கள், மிலாறு பற்றுவதற்கு நல்லது, ஆனால் சடசடவென்று எரிந்து சாம்பலாகிவிடும், தணல் நிற்காது. தேயிலைக் கட்டையோ சவுக்கு விறகோ இருந்தால் முக்கால் மணி நேரத் தணல் கிடைக்கும். முதல் தடவை அடி கருகும், இரண்டாவது தடவை உங்களுக்கே கை பிடிபட்டுவிடும்.

பாண் தமிழ்ச் சொல்லா? திருச்சியிலிருந்து வந்த சொந்தக்காரர்களிடம் "பாண் சாப்பிடுறீங்களா" என்று கேட்டேன், வெற்றிலை பீடா என்று நினைத்துக்கொண்டார்கள். (பதுளை வாசகர், ஆசிரியர்)

ஐயா, பாண் போர்த்துக்கீசரிடமிருந்து வந்தது. 1505இல் இலங்கைக்கு வந்தவர்கள், அவர்கள் மொழியில் பாணுக்கு "பவுன்" என்பதுபோல மூக்கில் ஒலிக்கும் ஒரு சொல். அதைச் சுடுகிற போறணையும் அவர்கள் சொல்தான், நாம் சமைக்கிற குசினியும், படுக்கிற காம்பராவும், சாப்பாட்டை வைக்கிற மேசையும் அவர்கள் சொல்தான். இஸ்தோப்பு மட்டும் ஒல்லாந்தர் கொடுத்தது. வெதுப்பகம், வெதுப்பி என்று அழகான தமிழ்ச் சொற்களும் நம்மிடம் உண்டு, எழுதுங்கள், பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். ஆனால் கடையில் போய் "ஒரு இறாத்தல் பாண்" என்று கேட்பதிலும் ஒரு குறையும் இல்லை, அது இந்த மண்ணில் ஊறிப்போன சொல்.

பாணை ஃபிரிட்ஜில் வைத்தால் ஏன் விறைத்துப்போகிறது? (பண்டாரவளை வாசகி)

வைக்காதீர்கள். சுடும்போது இளகிய மாச்சத்து ஆறியதும் மெல்ல இறுகத் தொடங்கும், ஃபிரிட்ஜின் குளிரில் அந்த இறுக்கம் இன்னும் வேகமாக நடக்கும். ஒரு நாளுக்குத் துணியில் சுற்றி டப்பாவில் வையுங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் துண்டு போட்டு ஃபிரீசரில் வைத்து, வேண்டிய துண்டை எடுத்து நேராகத் தோசைக்கல்லில் வாட்டுங்கள். மழைக்காலத்தில் டப்பாவுக்குள் பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்கும், பிடித்த இடத்தை மட்டும் கிள்ளிவிட்டு மிச்சத்தைச் சாப்பிட வேண்டாம்.

பாணின் நிறை எவ்வளவு இருக்க வேண்டும்? வர வர உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி ஆகிவிட்டது. (கொட்டகலை வாசகர்)

450 கிராம். அரைப் பாண் 225 கிராம். 2024 பெப்ரவரியில் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை வர்த்தமானியே போட்டுவிட்டது, முழுப் பாணில் 13.5 கிராமுக்கு மேலும் அரைப் பாணில் 9 கிராமுக்கு மேலும் குறையக்கூடாது. எங்கள் டவுனில் ஒரு கடையில் வாங்கிய பாணை ஒரு நாள் வீட்டுத் தராசில் வைத்தேன், 390 கிராம் காட்டியது. திரும்பக் கொண்டுபோய்க் கேட்டபோது, "ஆறினால் நிறை குறையும் அக்கா" என்றார்கள். குறையும்தான், ஆனால் 60 கிராம் குறையாது! தோட்டத்தில் அன்றாடச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற வீட்டுக்கு அந்த 60 கிராம் ஒரு பிள்ளையின் காலைச் சாப்பாடு. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடுங்கள், தயங்காதீர்கள்.

அந்தக் காலத்து ரோஸ் பாண் ருசி இப்போது இல்லையே, எனக்கு வயதாகிவிட்டதா, பாண் மாறிவிட்டதா? (தலவாக்கலை வாசகர், ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளி)

ஐயா, பாண்தான் மாறிவிட்டது. ரோஸ் பாணை உயரமான அச்சில் அடைக்காமல் தட்டையாக விட்டுச் சுடுவார்கள், அதனால் தோல் அதிகம், தோலில்தான் ருசி. விறகுப் போறணையில் செங்கல் முழுக்கச் சூடு ஏறி நிற்கும், தணலை வாரி வெளியே தள்ளிவிட்டு அந்தச் செங்கல் சூட்டிலேயே சுடுவார்கள். அப்பா ஒரு சிட்டிகை மாவைப் போறணைத் தரையில் வீசிவிட்டு வாய்க்குள் எண்ணுவார். பத்து எண்ணுவதற்குள் மா மெல்லப் பழுப்பாக வேண்டும். விழுந்ததுமே கருகினால் நனைத்த சாக்கைக் கம்பில் கட்டித் தரையைத் துடைப்பார், குப்பென்று ஆவி கிளம்பி அவர் முகமே மறைந்துபோகும், அப்புறம் மறுபடி ஒரு சிட்டிகை மா. இரவு பிசைந்த மா விடியும்வரை குளிரில் மெல்ல மெல்லப் பொங்கும், அந்த நேரத்தில்தான் புளிப்பும் வாசமும் ஊறும். இன்றைக்கு ஈஸ்ட்டை அள்ளிப் போட்டு அவசரமாகப் பொங்கவைத்துச் சுடுகிற பாணில் அந்த வாசத்துக்கு நேரமே இல்லை. வீட்டில் சுடுகிறவர் யாராவது இருந்தால் ஈஸ்ட்டை அரைத் தேக்கரண்டியாகக் குறைத்து மாவை இரவே பிசைந்து வைக்கச் சொல்லுங்கள். உங்கள் ஊர்க் குளிர் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

என் மகள் ஆறாம் வகுப்பு. ரொட்டி கொடுத்தால் கொண்டுபோக மாட்டேன் என்கிறாள், "தோட்டத்துச் சாப்பாடு" என்று பிள்ளைகள் சிரிக்கிறார்களாம். தினமும் பனிஸ் வாங்க எனக்கு வசதி இல்லை. என்ன செய்யட்டும் அக்கா? (ஹட்டன் வாசகி)

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நானும் டவுன் பள்ளிக்கூடத்தில் ரொட்டியை மேசைக்கு அடியில் வைத்துப் பிய்த்துத் தின்றவள்தான், அதனால் மகளைத் திட்டாதீர்கள், அந்தச் சிரிப்பு எப்படிச் சுடும் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் அவளிடம் கதையைச் சொல்லுங்கள். நம் ஆட்கள் சோறு தின்று வளர்ந்தவர்கள். இந்த நாட்டில் கோதுமை விளைவதே இல்லை, கப்பலில் வந்த மா தோட்டத்துக்கு வந்தது, அரிசி குறையக் குறைய அந்த மாவே நமக்குச் சாப்பாடானது. பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலை பிரிக்கிற காலைக் கூட்டத்துக்கு) ஓட வேண்டிய விடியலில் ஒரு கையால் தட்டி ரொட்டிக் கல்லில் போட்டுவிட்டு, மறு கையால் அம்மியில் சம்பல் அரைத்து, பிள்ளையை எழுப்பி, கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு கொழுந்துக்குப் போனவர்கள் கண்டுபிடித்த சாப்பாடு அது. மலையில் மழைக்குள் நின்று தின்றாலும் பகல்வரை பசி தாங்கும். 1973, 74 பஞ்சத்தில் அந்த ரொட்டிக்குக்கூட மா கிடைக்காமல் தோட்டங்களில் பட்டினியால் மனிதர்கள் செத்தார்கள். என் அம்மாயி கடைசிவரை மாப் பையைக் காலி செய்ததும் உதறி, ஓரத் தையலில் ஒட்டிய மாவை விரலால் வழித்து எடுப்பார். மகளுக்கு இதை ஒரு பாடமாக நடத்தாமல், ரொட்டி தட்டும்போது பக்கத்தில் உட்காரவைத்துப் பேச்சுவாக்கில் சொல்லுங்கள்.

ரொட்டியையும் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். இரண்டு கோப்பை மாவுக்கு ஒரு கோப்பை தேங்காய்ப்பூ, உப்பு, பொடியாக அரிந்த வெங்காயம், பச்சை மிளகாய், ஒரு தேக்கரண்டி எண்ணெய். இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அரை மணி நேரம் ஈரத்துணி போட்டு மூடிவையுங்கள், இந்த அரை மணி நேரம் வைக்காமல் சுட்டால்தான் ரொட்டி பகலுக்குள் செருப்புத் தோலாகிவிடும். உள்ளங்கை அளவில் சின்னச் சின்னதாக, மெல்லியதாகத் தட்டுங்கள், கல்லை நன்றாகக் காயவைத்து இரண்டு பக்கமும் சீக்கிரம் சுட்டு எடுங்கள். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் வேர்த்து நசநசத்துப்போகும், ஆறவைத்து ஒரு துணியில் சுற்றி வையுங்கள். மகளுக்கு நாலு, கூட இருக்கும் பிள்ளைகளுக்கு இரண்டு கூடுதலாக. கட்டா சம்பலைத் தனி டப்பாவில் கொடுங்கள், ரொட்டிக்குள் வைத்து மடித்தால் இடைவேளைக்குள் ஊறிப் பிய்ந்துவிடும்.