ரோட்டரி எஞ்சினும் இரண்டு மைல் தொலைவும்

அன்புள்ள ஐயா,

மாஸ்டா ஆர்எக்ஸ்-8 காரைப் பதினோரு ஆண்டுகளாக ஓட்டிவருவதாக எழுதியிருந்தீர்கள். இங்கே 2005இல் பதிவான ஒன்று மலிவாக விலைக்கு வருகிறது. அலுவலகம் 2 மைல் தொலைவு. அந்த எஞ்சின் தாங்காது என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். நம்பி வாங்கலாமா?

ச., லெஸ்டர்

அன்புள்ள ச.,

விலையையும் ஆண்டையும் கடந்து, அந்த 2 மைலில்தான் என் கண் நின்றது.

பிஸ்டனும் வால்வும் இல்லாத இந்த ரோட்டரி எஞ்சினுக்குள் முக்கோண வடிவிலான இரண்டு ரோட்டார்கள் சுழல்கின்றன. அவற்றின் முனைகளில் வாயு கசியாமல் அடைக்கப் பொருத்திய அபெக்ஸ் சீல்கள் அறைச்சுவரை உரசியபடியே ஓடுவதால், அந்த உரசலைத் தணிக்க எஞ்சின் ஆயிலையே சிறிது சிறிதாக உள்ளே செலுத்தும் பம்பு ஒன்று இருக்கிறது. ஆகவே ஆயில் குறைவது கோளாறு அன்று. இரண்டு முறை பெட்ரோல் போட்டால் ஒரு முறை ஆயில் பார்ப்பது என் வழக்கம். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிச் சூடேறுவதற்குள் அணைத்துவிட்டாலோ, எரியாமல் தங்கிய பெட்ரோல் சீல்களின் எண்ணெய்ப் பசையைக் கழுவிவிடும், அழுத்தம் விழும், அடுத்த முறை வண்டி கிளம்பாது. ஒரு ஜனவரி மாலையில் வாசலிலிருந்து தெருவுக்கு இருபது அடி நகர்த்திவிட்டு அணைத்தேன். மறுநாள் காலை, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்துப் பெட்ரோல் வரத்தை நிறுத்தி, பலமுறை சாவியைத் திருப்பிய பிறகு, தெருவையே மறைக்கும் புகையோடு அது உயிர்பெற்றது.

இந்தச் சீல்களின் தொல்லை பழையது. 1967இல் மாஸ்டாவின் முதல் ரோட்டரி காரான காஸ்மோ ஸ்போர்ட் வெளிவருவதற்கு முன், அதன் பொறியாளர் கெனிச்சி யமமோட்டோவின் குழுவினர் ஹிரோஷிமாவில் அறைச்சுவரில் விழுந்த வரிவரியான தேய்மானத்தோடுதான் மல்லுக்கட்டினார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘பேயின் நகக்கீறல்’.

தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில்களை அலட்சியப்படுத்தாதீர்கள். அவை வலுவிழந்தால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குச் சென்று அதை உருக்கி அடைத்துவிடும், வெளியேற வழியில்லாத வெப்பம் எஞ்சினையே தின்னும். லிட்டருக்கு ஏழெட்டு கிலோமீட்டர் என்பதை மனைவியிடம் முதலிலேயே சொல்லிவிடுவது உத்தமம். 2006 மார்ச் 23க்கு முன் பதிவான வண்டி என்பதால், பிரிட்டன் வாகன வரியின் மேல்படிகள் இரண்டிலிருந்து தப்புகிறீர்கள்.

இத்தனைக்கும் பிறகு நான் ஏன் விற்கவில்லை என்றால், நன்கு சூடேறிய எஞ்சின் அதிர்வே இல்லாமல் நிமிடத்துக்கு 9000 சுற்றுகளை நோக்கி ஏறும்போது வேறொரு வண்டியை நினைக்கத் தோன்றவில்லை. அப்படி அவ்வப்போது விரட்டினால்தான் உள்ளே கரியும் படியாது. அலுவலகத்துக்குச் சைக்கிளிலோ பேருந்திலோ சென்று, நெடும்பயணத்துக்கு மட்டும் இதை எடுப்பீர்களானால் வாங்குங்கள். தினமும் அந்த 2 மைலுக்குத்தான் என்றால் வேண்டாம், பிஸ்டன் எஞ்சின் கொண்ட மாஸ்டா எம்எக்ஸ்-5 பாருங்கள்.

வாங்குவதானால் ரோட்டரிக்கென்றே உள்ள கருவியால் அழுத்தத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள், ஏனெனில் சாதாரண மானி ஒரு ரோட்டாரின் மூன்று முகங்களையும் பிரித்துக் காட்டாது. நிமிடத்துக்கு 250 சுற்று வேகத்தில் எந்த முகமும் 680 கிலோபாஸ்கலுக்குக் கீழே இருக்கக்கூடாது. ஆறு எண்களும் கைக்கு வந்ததும், பணம் கொடுப்பதற்கு முன் எனக்கு அனுப்புங்கள்.