மரம் விழும் என்று பயமுறுத்துகிறவரை அடிமரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்

கேள்வி: மேற்கு மாம்பலத்தில் பன்னிரண்டு வீடுகள் உள்ள அடுக்ககத்தில் இருக்கிறோம். வாசல் நடைபாதையில் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று இருக்கிறது. கட்டடத்தின் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். போன வருடம் அதன் பக்கத்தில் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டினார்கள், அடிமரம் வரை சிமென்டும் போட்டுவிட்டார்கள். எங்கள் சங்கச் செயலாளர் ஒருவரை அழைத்து வந்தார். "கரையான் பிடித்துவிட்டது, அடுத்த புயலுக்கு விழும். அனுமதி எல்லாம் நானே வாங்கி வெட்டித் தருகிறேன்" என்கிறார். ஐயாயிரம் முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. மரம் போவதில் எனக்கு விருப்பமில்லை, விழுந்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தக் கரையானைப் பார்த்துவிடலாம். பட்டையின் மேல் மண் கோடு ஏறியிருந்தால் மரமே உளுத்துவிட்டது என்று நம்மவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது காய்ந்த வெளிப்பட்டையைத்தான் தின்றுகொண்டிருக்கும். ஒரு குச்சியால் மண்ணைத் தட்டிவிட்டுக் கீழே இருக்கும் பட்டையை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் கவலை வேண்டாம். மாசி பங்குனியில் இலை கொட்டுவதைக் காட்டி "மரம் பட்டுப்போச்சு" என்பார்கள். வெயில் காலத்தில் இலை உதிர்ப்பது தூங்குமூஞ்சிக்கு வழக்கம்.

"அனுமதி வாங்கித் தருகிறேன்" என்று வருகிறவர்களை இருபது வருடமாகப் பார்க்கிறேன். கிளை கழிக்க வாங்கிய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழு மரத்தையும் சாய்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ரம்பம் ஓடும், ஆபீஸில் போன் எடுக்க ஆள் இருக்காது. உங்களிடம் கூலி வாங்குவார்கள், மரத்தை எடை போட்டு வேறொருவரிடம் விற்பார்கள். இதைவிட மோசமானவர்களும் உண்டு. அடியில் துளை போட்டு ஆசிட் ஊற்றுவார்கள், அல்லது பட்டையைச் சுற்றிலும் உரித்துவிடுவார்கள். சில மாதம் கழித்து வந்து, "பாருங்கள், நான்தான் சொன்னேனே" என்பார்கள். நன்றாக இருந்த ஒரு வேப்பமரத்தை இப்படிச் சாகடித்ததை நேரில் பார்த்திருக்கிறேன். இன்றைக்கும் அந்தத் தெரு வழியாகப் போக மனசு வருவதில்லை.

சாலையோர மரம் பொதுச் சொத்து. அதை வெட்டக் கலெக்டர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். தரகரோ சங்கச் செயலாளரோ முடிவு செய்கிற விஷயம் இல்லை. ஆனால் நம் ஏற்பாட்டில் இருக்கும் ஓட்டையையும் சொல்ல வேண்டும். மகாராஷ்டிர நகரங்களுக்கு 1975-லேயே மரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கர்நாடகத்துக்கு 1976-லும் தில்லிக்கு 1994-லும் வந்தது. மலை மரங்களுக்கு நாம் 1955-லேயே சட்டம் போட்டுவிட்டோம். சென்னை மரத்துக்கு அப்படித் தனிச்சட்டம் இல்லை, ஆணைகளை வைத்துத்தான் ஓட்டுகிறோம். புகார் கொடுத்தால் பூங்காத் துறை வடிகால் துறையைக் காட்டும், வடிகால் துறை கான்ட்ராக்டரைக் காட்டும், கம்பியில் கிளை உரசினால் மின்வாரியம் என்பார்கள். அதற்குள் வேர் போய்விடும்.

உங்கள் மரத்தின் பிரச்சினையும் அந்த வேர்தான். பெரிய மரத்தின் வேர் கிணறு போல ஆழமாக இறங்கும் என்று நினைக்கிறோம். அதில் பெரும்பகுதி மேல் இரண்டு மூன்று அடி மண்ணிலேயே, கிளை பரவியிருக்கும் அகலத்தையும் தாண்டிப் படர்ந்திருக்கும். வேருக்கும் மூச்சு விடக் காற்று வேண்டும். அடிமரம் வரை சிமென்ட் போட்டால் காற்றும் மழைநீரும் இறங்க வழி இல்லை. வடிகாலுக்குத் தோண்டும்போது ஒரு பக்கத்துப் பிடிவேர்களை ஜேசிபி அறுத்துப் போட்டுவிடுகிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்த பிறகு விழுந்து கிடந்த மரங்களை நடந்து நடந்து பார்த்தேன். பல மரங்களில் சாலைப் பக்கத்து வேர் கத்தியால் நறுக்கியது போல மொட்டையாக இருந்தது. எல்லோரும் பழியைப் புயல்மேல் போட்டார்கள்.

சாய்வைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சின்ன வயதிலேயே வெளிச்சம் தேடிச் சாய்ந்த மரம், மேலே போகப் போக நிமிர்ந்து வளைந்திருக்கும். அது தன்னைத் தாங்கிக்கொள்ளப் பழகிய மரம். அடியிலிருந்து நுனிவரை குச்சி மாதிரி நேராக, அண்மையில் சாய்ந்திருந்தால் அது வேறு கதை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் மரத்தின் மேல் பாசம் உள்ளவர்கள்தான் இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். சாய்வுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று பாருங்கள். அங்கே தரையில் புதிய விரிசல் இருக்கிறதா, சிமென்ட் மேலே தூக்கியிருக்கிறதா? மழை பெய்த மறுநாளும் பாருங்கள், காற்று அடிக்கும்போது அந்த இடம் அசைகிறதா என்றும் பாருங்கள். அடிமரத்தில் தட்டு மாதிரி கெட்டியான காளான் ஒட்டியிருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். மரத்தடியில் வண்டி நிறுத்துவதையும் குழந்தைகள் விளையாடுவதையும் அன்றே நிறுத்துங்கள். மாநகராட்சியின் 1913 எண்ணில் சொல்லுங்கள், போட்டோவோடு எழுதியும் கொடுங்கள். அப்படிப்பட்ட மரத்தை வெட்டச் சொல்ல நானே முன்னால் நிற்பேன், உயிர் பெரிது. இவை எதுவும் இல்லையென்றால் மரம் நிற்கட்டும்.

நிற்கும் மரத்துக்கு முதல் மருந்து சிமென்டை எடுப்பது. தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றச் சொல்லி 2013-லேயே பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. அதைக் காட்டி மாநகராட்சியிடம் எழுத்தில் கேளுங்கள். உளியும் சுத்தியலும் வைத்துக் கையால் உடைக்க வேண்டும், இயந்திரம் கிட்டவே வரக்கூடாது. திறந்த மண்ணில் அந்த மரத்தின் சருகையே இரண்டு அங்குலம் பரப்புங்கள், அடிமரத்தில் ஒட்டாமல். "அழகாக மேடை கட்டி மண் நிரப்பித் தருகிறோம்" என்று ஒரு கூட்டம் வரும். விடாதீர்கள். அடிமரம் மண்ணில் புதைந்தால் பட்டை அழுகும்.

மொட்டையடிக்கவும் சம்மதிக்காதீர்கள். உச்சியை வெட்டினால் அந்த இடத்திலிருந்து கொத்துக் கொத்தாகக் கிளை வரும். அவை பலமாக ஒட்டாதவை, நாலைந்து வருடத்தில் முறிந்து விழுவது அவைதான். காய்ந்த கிளையையும் உங்கள் மாடியில் உரசும் கிளையையும் மட்டும், அது பிரியும் வீங்கிய கழுத்தை ஒட்டி எடுத்தால் போதும். வெட்டுவாயில் தாரோ பெயின்டோ பூச வேண்டாம்.

"இது தென் அமெரிக்க மரம், நம்முடையது இல்லை" என்று செயலாளர் சொல்லக்கூடும். வந்த ஊர் அதுதான். ஆனால் இன்றைக்கு ஒரு வேப்பங்கன்று வைத்தால் இந்த நிழல் கிடைக்க முப்பது நாற்பது வருடம் ஆகும். அதுவரை அந்தத் தெருவில் வெயிலில் நிற்பவர்களுக்கு யார் பதில் சொல்வது?

இந்த வாரமே சிமென்டுக்கான மனுவை எழுதி, பன்னிரண்டு வீட்டிலும் கையெழுத்து வாங்குங்கள். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் அடிமண் திறந்தாக வேண்டும். அந்த ஐயாயிரத்தையும் இன்றே திருப்பிக் கேளுங்கள். அது அவர் கையில் இருக்கும்வரை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வரலாம்.