ஹைடல்பெர்க் பல்கலைக்கழகமும் 4ஈயூ பிளஸ் கூட்டணியும்: கேள்வி பதில்

ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகம் இடம்பெற்றுள்ள '4ஈயூ பிளஸ்' என்ற ஐரோப்பியப் பல்கலைக்கழகக் கூட்டணியைப் பற்றி மாணவர்களும் ஆசிரியர்களும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் ஜெர்மனியில் வேறொரு பல்கலைக்கழகத்தின் அயல்நாட்டுத் தொடர்பு அலுவலகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவன். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (மதுரை, இளங்கலை மாணவி): எங்கள் கல்லூரியும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. கூட்டணி என்பது அதிலிருந்து எப்படி வேறுபடுகிறது, ஐயா?

புரிந்துணர்வு ஒப்பந்தம் இரு நிறுவனங்கள் தங்கள் விருப்பத்தைத் தெரிவித்துக் கையெழுத்திடும் தாள்; அதில் எழுதியதை ஒருவரும் செய்யாவிட்டாலும் யாரும் கேட்கப்போவதில்லை. 4ஈயூ பிளஸ் அப்படிப்பட்டதன்று. பிரெஞ்சு அதிபர் இம்மானுவேல் மக்ரோன் 2017 செப்டம்பரில் சோர்போனில் ஆற்றிய உரையில், நாட்டெல்லைகளைக் கடந்து இணைந்து செயல்படும் பல்கலைக்கழக வலைப்பின்னல்கள் ஐரோப்பாவில் உருவாக வேண்டும் என்றார். அதைத் தொடர்ந்து 2018-இல் பிராகின் சார்லஸ், ஹைடல்பெர்க், பாரிஸின் சோர்போன், வார்சா ஆகிய நான்கு பல்கலைக்கழகங்களும் சேர்ந்தன. மிலானும் கோபன்ஹேகனும் பின்னர் வந்து இணைந்ததால்தான் பெயரில் 'பிளஸ்' ஒட்டிக்கொண்டது. 2019-இல் ஐரோப்பிய ஆணையம் முதன்முதலில் தேர்ந்தெடுத்த 17 கூட்டணிகளுள் இதுவும் ஒன்று. ஒவ்வொரு கூட்டணிக்கும் அப்போது 50 லட்சம் யூரோ வரை ஒதுக்கப்பட்டது. பொதுப்பணம் வந்துவிட்டால் வேலைத்திட்டமும் கணக்கும் காலக்கெடுவும் கூடவே வரும். முக்கிய வேறுபாடு அதுதான்.

கேள்வி (திருநெல்வேலி, ஓய்வு பெற்ற பேராசிரியர்): 1386-இல் தொடங்கிய, இன்றைய ஜெர்மனியின் மிகப் பழைய பல்கலைக்கழகத்துக்கு இப்படியொரு கூட்டணி எதற்கு? அதில் அதன் பங்குதான் என்ன?

அந்தப் பங்கில் வெளியே தெரிவது குறைவு. ஆனால் கூட்டணி நிற்பது அதன் மேல்தான். ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில் பல்கலைக்கழகக் கூட்டணிகளுக்கென்று தனியான சட்ட உருவம் இருக்கவில்லை. சட்ட உருவம் இல்லாத கூட்டமைப்பு தன் பெயரில் ஊழியரை நியமிக்க முடியாது, ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடியாது. எல்லாவற்றையும் ஏதேனும் ஓர் உறுப்பினர் தன் தலையில் சுமக்க வேண்டியிருக்கும். இதைத் தீர்க்கவே 4ஈயூ பிளஸ் ஜெர்மன் சட்டப்படி பதிவு பெற்ற சங்கமாக அமைக்கப்பட்டு, ஹைடல்பெர்க்கைத் தலைமையிடமாகக் கொண்டது. பிராகிலும் மிலானிலும் எடுக்கப்படும் முடிவுகளுக்கும் சட்டப்படியான முகவரி ஹைடல்பெர்க்கின் நெக்கர் ஆற்றங்கரையில்தான் இருக்கிறது.

எதற்கு என்று கேட்டீர்கள். ஹைடல்பெர்க் 'லெரு' என்னும் ஐரோப்பிய ஆய்வுப் பல்கலைக்கழகங்களின் கழகத்தை 2002-இல் தொடங்கிய உறுப்பினர்களுள் ஒன்று. பிரஸ்ஸல்ஸில் ஆய்வுக் கொள்கைக்காகக் குரல் கொடுக்க அந்தக் கழகம் போதும். ஆனால் ஓர் இளங்கலை மாணவர் இன்னொரு நாட்டின் வகுப்பில் உட்கார அது வழி செய்வதில்லை. அந்த வேலைக்குத்தான் 4ஈயூ பிளஸ்.

கேள்வி (சென்னை, ஆய்வு மாணவர்): இந்தக் கூட்டணி ஆய்வுக்கு நிதி தருகிறதா?

பெரும்பாலும் இல்லை, பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. கூட்டணிகளின் முதன்மை நிதி ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்திலிருந்து வருகிறது. அது கல்விக்கும் மாணவர் பரிமாற்றத்துக்கும் உரிய பணம். ஆய்வுப் பக்கத்துக்கென ஒன்றியத்தின் ஆய்வு நிதித் திட்டமான ஹொரைசன் 2020-இலிருந்து மூன்றாண்டுகளுக்கு ஒரு கூட்டணிக்கு 20 லட்சம் யூரோ வரை தனியாக வழங்கப்பட்டது. அதுவும் ஆய்வகங்களை நடத்துவதற்கன்று, ஆய்வு நிர்வாக முறைகளைச் சீர்செய்வதற்கு. ஜெர்மன் புற்றுநோய் ஆய்வு மையமும் ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகமும் மாக்ஸ் பிளாங்க் நிறுவனங்களும் இருக்கும் ஊரின் பல்கலைக்கழகத்துக்கு அது மிகச் சிறிய தொகை. ஆய்வாளர்கள் கூட்டணி இல்லாமலேயே ஒருவரையொருவர் தேடிப் பிடித்துக்கொள்வார்கள். கட்டுரை எழுதச் சட்ட உருவம் தேவையில்லை. ஆகவே ஓர் ஆய்வுப் பல்கலைக்கழகம் கூட்டணியால் பெறுவது கற்பித்தலில்தான் என்பது என் உறுதியான கருத்து. ஒரே வளாகத்தில் ஐந்து மாணவர்கூடச் சேராத பாடத்தை ஆறேழு வளாகங்கள் சேர்ந்து நடத்தும்போது அது வகுப்பாக நிலைக்கிறது.

கேள்வி (ஈரோடு, கல்லூரித் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம்): மதிப்பெண்களை எப்படி ஒப்பிடுகிறார்கள்? எங்களுக்கு இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு இடையிலேயே பெரும்பாடாக இருக்கிறது.

எனக்கு மிகவும் நெருக்கமான கேள்வி இது. '4' என்ற ஒரே எண்ணை எடுத்துக்கொள்வோம். ஹைடல்பெர்க்கில் 4 வாங்கினால் மயிரிழையில் தேர்ச்சி. அங்கே 1 மிகச் சிறந்தது. பிராகிலும் 1 தான் சிறந்தது, ஆனால் 4 என்றால் தோல்வி. வார்சாவில் 4 என்பது 'நன்று'. அங்கே 5 உயர்ந்தது, 2 தோல்வி. ஜெனீவா 2022-இல் கூட்டணியில் சேர்ந்தது. அங்கே 6 உச்சம், 4 தேர்ச்சி எல்லை. கோபன்ஹேகனின் அளவுகோல் கழித்தல் 3-இல் தொடங்கி 12-இல் முடிகிறது. அதில் 4 என்பது தேர்ச்சிக்கு ஒரு படி மேல். பாரிஸில் 20-க்கு 4 எடுத்தவரும் மிலானில் 30-க்கு 4 எடுத்தவரும் மீண்டும் எழுத வேண்டியவர்கள். ஒரே மாணவி ஒரே பாடத்தை இந்த ஊர்களில் படித்தால் இந்த ஒரே எண் அவரை வாழ்த்தவும் செய்யும், வீட்டுக்கு அனுப்பவும் செய்யும்.

இதைச் சமாளிக்கக் கூட்டணிப் பல்கலைக்கழகங்கள் உழைப்பின் அளவையும் மதிப்பெண்ணையும் பிரித்துவிட்டன. உழைப்பின் அளவு ஐரோப்பிய கிரெடிட் முறையில் கணக்கிடப்படுகிறது: ஓர் ஆண்டுக்கு 60 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பு, வாசிப்பு, தேர்வுத் தயாரிப்பு அனைத்தும் அதற்குள் அடங்கும். மதிப்பெண்ணுக்கு மட்டும் தனியான மாற்று அட்டவணை. அட்டவணை இருந்தும் நடுவில் மனிதர் ஒருவர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. முன்னொரு முறை, வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படித்துத் திரும்பிய மாணவர் ஒருவரின் பாடத்தை, அதன் தலைப்பு எங்கள் பாடத்திட்டத்தில் இருந்த தலைப்போடு பொருந்தவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு துறை ஏற்க மறுத்தது. அவர் அரை ஆண்டை இழந்தார். அதற்குப் பிறகு, எந்தப் பாடங்கள் ஏற்கப்படும் என்று மாணவர் விமானம் ஏறுவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்தாகும் கற்றல் ஒப்பந்தத்தைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன்.

கால அட்டவணை இன்னொரு சிக்கல். ஜெர்மனியில் குளிர்காலச் செமஸ்டர் வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கும். கோபன்ஹேகனின் அறிவியல் புலமோ ஆண்டை ஒன்பது வாரக் கட்டங்கள் நான்காகப் பிரித்துக்கொண்டு செப்டம்பரிலேயே தொடங்கிவிடுகிறது. இணையவழி வகுப்போடு சில நாள் நேரடிப் பயிற்சியைச் சேர்க்கும் குறுகிய பாடங்கள் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம். எராஸ்மஸ் விதிப்படி, அத்தகைய பாடத்தில் நேரடிப் பகுதி 5 நாள் முதல் 30 நாள் வரை இருக்க வேண்டும். குறைந்தது 3 கிரெடிட் தர வேண்டும்.

கேள்வி (திருச்சி, முதுகலை மாணவர்): எல்லாப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ஒரே பட்டம் தருமா?

முழுமையாக இன்னும் இல்லை. ஜெர்மனியில் உயர்கல்வி மாநிலங்களின் அதிகாரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு நாட்டுக்கும் தனித் தர அங்கீகார விதிகள் உண்டு. 'ஐரோப்பியப் பட்டம்' என்ற பொதுப்பட்டத்துக்கான திட்ட வரைவை ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் வெளியிட்டது.

கேள்வி (சேலம்): உறுப்பினர் ஆனதால் உலகத் தரவரிசை உயருமா?

நான் அறிந்த தரவரிசை எதிலும் உறுப்பினர் என்பதற்காக மதிப்பெண் இல்லை.

கேள்வி (தஞ்சாவூர், தமிழ் ஆசிரியர்): இந்தக் கூட்டணியில் தமிழுக்கு இடம் உண்டா?

கூட்டணியின் உறுப்பினர் பட்டியலைத் தமிழறிந்தவர் பார்த்தால் நெஞ்சு நிறையும். பிராகின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் செக் தமிழறிஞர் கமில் சுவலபில் தமிழ் கற்பித்தார்; செக்கோஸ்லோவாக்கியா மீதான 1968 சோவியத் படையெடுப்பை அடுத்து அவர் நாட்டை விட்டு வெளியேறியபின், யாரோஸ்லாவ் வாசெக் அங்கே அந்தத் துறையைக் காத்தார். வார்சாவின் இந்தியவியலில் தமிழ் கற்பிக்கப்பட்டிருக்கிறது. ஹைடல்பெர்க்கில் 1962-இல் நிறுவப்பட்ட தெற்காசிய நிறுவனத்திலும் தமிழ் இருந்திருக்கிறது. இவை மூன்றும் ஒரே கூட்டணியில் இருக்கின்றன. ஆண்டுதோறும் மூன்று நான்கு மாணவர்களே சேரும் மொழித்துறையை மூடத்தான் எந்த நிதிக்குழுவும் முதலில் நினைக்கும். ஒரு வளாகத்தில் தொடக்கநிலைத் தமிழும் இன்னொன்றில் சங்க இலக்கிய வாசிப்பும் நடத்தி, மாணவர்கள் கிரெடிட் இழக்காமல் இரண்டையும் படிக்க வழி செய்தால் அந்த மூன்று நான்கு பேரும் பத்துப் பன்னிரண்டு பேர் ஆவார்கள். மருத்துவத்துக்கும் கணினிக்கும் இந்தக் கூட்டணி வசதி மட்டுமே. தமிழ் போன்ற துறைகளுக்கோ இது உயிர்ப்பிரச்சினை என்று நம்புகிறேன். அந்தத் துறைகளின் ஆசிரியர்கள் கேட்டால்தான் அது நடக்கும்.

கேள்வி (கோவை, இளங்கலை இறுதியாண்டு மாணவி): இங்கிருந்தே கூட்டணி வழியாகச் சேர முடியுமா?

கூட்டணி நேரடியாக மாணவர்களைச் சேர்ப்பதில்லை. உறுப்பினர் பல்கலைக்கழகம் ஒன்றில் மாணவராகச் சேர்ந்தபின்புதான் மற்றவற்றின் பாடங்கள் திறக்கும். ஹைடல்பெர்க் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் இருப்பதால், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வரும் மாணவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ கல்விக் கட்டணம் பெறும் விதி 2017 முதல் உண்டு. ஆய்வுப் பட்ட மாணவர்களுக்கு இது பொருந்தாது. ஜெர்மனியில் படிக்க இந்திய மாணவர்கள் கல்விச் சான்றுகளைச் சரிபார்க்கும், டெல்லியில் உள்ள ஏபிஎஸ் அலுவலகத்தின் சான்றிதழையும் பெற வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும், முதலிலேயே தொடங்குங்கள். விண்ணப்பிக்கும் முன் நீங்கள் சேரவிருக்கும் துறைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, கூட்டணிப் பாடங்களில் பெறும் கிரெடிட்டுகள் பட்டத்துக்குள் கட்டாயமாகக் கணக்கில் சேருமா, அல்லது சான்றிதழின் ஓரத்தில் கூடுதலாகக் குறிக்கப்பட்டு நின்றுவிடுமா என்று எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.